கேஸ் டீச்சர் மீது ஒரு வழக்கு

முடிந்துவிட்டது என்று ஊரே ஒப்புக்கொண்ட ஒரு சண்டையை, நல்ல நோக்கத்தோடு, உண்மை பிசகாமல் ஒருவர் எழுதி வைக்கிறார். அப்படி எழுதுவதாலேயே அவர் அந்தச் சண்டையை மறுபடியும் தொடங்கி வைக்கிறாரா?

இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் எழவில்லை. ஈப்போவை அடுத்த செமோருக்கு அப்பால் ஒரு மாரியம்மன் கோயிலின் முன்னால், உறுமி மேளம் சட்டென்று நின்றுபோன ஒரு காலை நேரத்தில் எழுந்தது.

கரகம் ஆற்றங்கரையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. மஞ்சள் நீர் ஊற்றிய பாதையில் செம்மண் வாசனையும் சாம்பிராணியும் கலந்திருந்தன. கோயிலுக்குள் நுழைய இன்னும் ஒரு திடலைத்தான் கடக்க வேண்டும். அந்தத் திடலின் குறுக்கே ஒரு வேப்பங்குழை கிடந்தது. அதற்குப் பின்னால் நடுத்தர வயதுள்ள ஒரு பெண் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

கரகம் சுமந்தவர் நின்றார். மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் இருந்த இளைஞர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயதானவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. இப்படிக் குழை விழுந்து வெகுகாலமாகிவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

குழை போட்டவர் யார்மீது வழக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் சொன்னார்:

"கேஸ் டீச்சர் மேல."

எனக்குப் பக்கத்தில் வாழைப்பழத் தட்டோடு நின்றிருந்தவர்தான் கேஸ் டீச்சர்.

அந்தப் பெயர் வந்த கதை

சில மாதங்களுக்கு முன் நான் எழுதிய கட்டுரையைப் படித்த வாசகர் இருவர், அதில் ஓரிடத்தில் வந்துபோன கேஸ் டீச்சர் யார் என்று கேட்டிருந்தார்கள். அவருடைய முழுப் பெயரை எழுதப் போவதில்லை. வள்ளியம்மை என்று வைத்துக்கொள்வோம். ஈப்போவில் மூன்று தலைமுறையாக வணிகம் செய்துவரும் செட்டிநாட்டுக் குடும்பம். வீட்டில் அவர் ஆச்சி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தோட்டத்து மக்களுக்கு மட்டும் கேஸ் டீச்சர்.

முதலில் அவர் சட்டம் படித்து வழக்கறிஞரானார். அந்தத் தொழிலில் நெடுநாள் நிலைக்கவில்லை. நீதிமன்றத்தில் தோற்றவரும் வென்றவரும் ஒரே வாசல் வழியாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியேறுவதை அவரால் தாங்க முடியவில்லையாம். தீர்ப்பு வந்துவிட்டது, சண்டை முடியவில்லை என்பார். அப்படியானால் சண்டை எங்கேதான் முடிகிறது என்று தேடத் தொடங்கி, சட்ட மானுடவியலுக்கு வந்து சேர்ந்தார். மக்கள் தங்களுக்குள் எதைச் சட்டமாக வைத்து வாழ்கிறார்கள் என்பதை அவர்களோடு இருந்து ஆராய்கிற துறை அது.

அவருடைய பெரியம்மாவுக்கு இந்தப் படிப்பை விளக்கவே முடியவில்லை. கடைசியில் அந்த அம்மாள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாராம்: கோர்ட்டுக்குப் போகாதவர்களின் சண்டையைப் பார்ப்பதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு சம்பளம். பேராசிரியர் இதைத் தன் வகுப்புகளில் சொல்லிச் சிரிப்பார். தன் துறைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் தனக்குக் கிடைத்ததில்லை என்பார்.

அவர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த இடம் வெள்ளமலை என்னும் ரப்பர் தோட்டம். ஆங்கிலத்தில் வேறு பெயர். பின்னால் தெரியும் சுண்ணாம்பு மலையின் வெளுப்பைப் பார்த்துப் பால்வெட்டிகள் வைத்த பெயர் இது. ஒரு பழைய காரில் அவர் முதன்முறை போய் இறங்கியபோது, யூனியனிலிருந்து வந்திருக்கிறார் என்று பாதிப் பேரும், தோட்ட நிர்வாகியான துரைக்கு உளவு பார்க்க வந்திருக்கிறார் என்று மீதிப் பேரும் நினைத்தார்களாம். அவரோ, வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் வாசலில் உட்கார்ந்து, போன வருடம் இங்கே யார் யாருக்குச் சண்டை என்று கேட்டிருக்கிறார். கேஸ் பிடிக்க வந்த டீச்சர் என்று அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது.

அப்புறம்?

அவரிடம் கடைசியாக ஆய்வு செய்த மாணவி நான். அதற்குள் அவருக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது. முழங்கால் வலியும் வந்திருந்தது. வேலை செய்யும் முறை மட்டும் மாறவில்லை.

மக்கள் பேசும்போது அவர் எழுதமாட்டார். பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ஆட்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பி, குளித்து, பசியாறி, கொஞ்சம் கண்ணயர்ந்து எழும் நேரம் வரை காத்திருப்பார். எந்தக் கதையைக் கேட்டாலும் யார்மீது தவறு என்று கேட்கவே மாட்டார். "அப்புறம்?" என்பார். அப்புறம் என்ன நடந்தது, அதற்கும் அப்புறம் யார் வீட்டுக்கு யார் போனார்கள், பிள்ளைகள் சேர்ந்து விளையாடினார்களா, அடுத்த தீபாவளிக்குப் பலகாரத் தட்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனதா. மாணவர்கள் நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரே 'அப்புறம்' தான். அது அவருக்கும் தெரியும்.

வெள்ளமலையில் அவர் கண்டது இதுதான். அங்கே ஆண்டுத் திருவிழாவுக்கு முன் எல்லாச் சண்டைகளும் முடிந்திருக்க வேண்டும். முடியாத சண்டை யாருக்காவது இருந்தால், கரகம் வரும் பாதையில் ஒரு வேப்பங்குழையைப் போடலாம். வேலையை மேற்பார்க்கும் தண்டலும் போடலாம், புல்வெட்டும் பெண்ணும் போடலாம். போட்டுவிட்டால் கரகம் தாண்டாது. தாண்டக் கூடாத இடம், காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களம். வருடம் முழுவதும் துரையும் கணக்கெழுதும் கிராணியும் அவர்களை நிற்க வைத்த அதே திடலில், அந்த ஒருநாள் அவர்கள் ஒருவரையொருவர் நிற்க வைத்துக் கேட்டார்கள்.

தவறு யாருடையது என்று தெரிந்ததும், தவறு செய்தவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவருவார். பாதிக்கப்பட்டவர் முதலில் குடிப்பார், மீதியை இவர் குடிப்பார். அதோடு சரி. தண்ணீர் குடித்த பிறகு அந்தச் சண்டையைப் பற்றி மற்றவர் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தவறு செய்தவர் தானாகப் பேசினால் பேசலாம்.

இந்த வழக்கத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிநாடுகளிலும் படிக்கப்படுகிறது. சட்டம் என்றால் யார் வென்றார் என்பது மட்டுமே இல்லை, ஒன்றை எப்படி முடித்து வைக்கிறோம் என்பதும் சட்டம்தான் என்று அந்நூல் வாதிடுகிறது. சமரசப் பயிற்சிகளில் அதன் பகுதிகளைக் கொடுக்கிறார்கள். ஈப்போவில் ஒரு சமூக மையத்தில் குடும்பத் தகராறுகளுக்குச் சமரசம் பேசுகிற வேலையில் நான் இருப்பதற்கும் அந்நூல்தான் காரணம்.

தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பு வந்தது. லயத்தில் இருந்தவர்கள் ஈப்போ அடுக்குமாடிகளுக்கும் பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் சிதறினார்கள். கோயில் மட்டும் ஒரு கடை வரிசைக்குப் பின்னால் தங்கிவிட்டது. பெரட்டுக்களத்தில் கோடு போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். திருவிழா அன்று மட்டும் கார்களை அப்புறப்படுத்திவிட்டு, எல்லாரும் திரும்பி வருகிறார்கள்.

வாத்து

அந்தத் திடலுக்குத் திரும்புகிறேன்.

குழை போட்டவர் பெயர் கோகிலா. ஈப்போவில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறார். அவருடைய அம்மா மருதாயி, வெள்ளமலையில் மணமாகி வந்த நாளிலிருந்து பால் வெட்டியவர். அந்த மருதாயி அக்காவுக்கும் அடுத்த வீட்டு ராசம்மா அக்காவுக்கும் நடந்த ஒரு சண்டைதான் நூலின் ஆறாம் அத்தியாயம். நூலிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படுவதும் அதுதான்.

அது என்ன சண்டை என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று இந்தக் கட்டுரையை முடிக்கும்போது உங்களுக்கே தெரியும். பழைய பதிப்பைத் தேடிப் படிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மருதாயி அக்கா மீது தவறு இருந்தது, அவர் செம்பு கொண்டுவந்தார், ராசம்மா அக்கா குடித்தார் என்பது மட்டும் போதும்.

கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். ஊர்வலத்துக்குப் போலீஸ் கொடுத்த அனுமதி நண்பகல் வரைதான் என்ற கவலை அவருக்கு. இருந்தாலும் முறை முறைதான். கரகத்தை நெல் பரப்பிய தாம்பாளத்தில் இறக்கி வைக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் வந்து நின்றார். பேராசிரியரும் பழத்தட்டை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே போய் நின்றார்.

யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். வழக்கு சொல்லப்பட்டவர் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியதே அவர்தானே.

"ஒக்காருங்க டீச்சர், கால் வலி இருக்கும்ல. வழக்கு வழக்கு, நாற்காலி நாற்காலி" என்றார் கோகிலா.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் உட்காரவில்லை. ஆனால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கோகிலா தன் வழக்கைச் சொன்னார். அவர் மகள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். வகுப்பில் இந்த அத்தியாயத்தைப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தவள், சோறு சாப்பிடும்போது, இது நம் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறதே என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் மருதாயி அக்கா தட்டோடு இருந்திருக்கிறார். பாதிச் சோற்றில் எழுந்தவர்தான். அதற்குப் பின் வந்த திருவிழாவுக்கு வரவில்லை. இந்த ஆண்டும் வரவில்லை.

பேராசிரியர் அமைதியாகப் பதில் சொன்னார். உண்மையான பெயரை எங்கேயும் எழுதவில்லை என்றார்.

"பேர மாத்தினீங்க டீச்சர். வாத்த மாத்தலையே. அந்தத் தோட்டத்துல வாத்து வளத்தது எங்க அம்மா ஒருத்திதான்."

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நூலின் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். லயத்துக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாயில் வாத்துகள் இறங்கும் காட்சியோடுதான் ஆறாம் அத்தியாயம் தொடங்கும். எழுத்து நடைக்கு எடுத்துக்காட்டாக அதை நானே பிறருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

எழுதலாமா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினேன் என்றார் பேராசிரியர்.

"கேட்டீங்க. இல்லேன்னு சொல்லல. டீச்சரு வந்து கேட்டா யாரு மாட்டேன்னு சொல்லுவாங்க? ஆனா ஒன்னு. தண்ணி குடிச்சிட்டா மத்தவங்க பேசக் கூடாதுன்னு உங்க புத்தகத்துலயே இருக்காம். என் மக படிச்சுக் காட்டினா. அதுக்கு அடுத்த பக்கத்துலயே நீங்க பேசுறீங்க. வருசா வருசம் புதுப் பிள்ளைங்க வருது, வருசா வருசம் பேசுது. எங்க அம்மாவுக்கு அது எப்பத்தான் முடியும், சொல்லுங்க?"

என்ன வேண்டும் என்று முனியாண்டி அண்ணன் கேட்டார். அந்தப் பேச்சைப் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டும், அம்மா கோயிலுக்கு வர வேண்டும் என்றார் கோகிலா. வேறு எதுவும் கேட்கவில்லை.

சாட்சி

அந்த நேரத்தில் பேராசிரியருக்கு எது ஆபத்தில் இருந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும். நூலின் புதிய பதிப்பு அச்சுக்குப் போக ஆயத்தமாக இருந்தது. ஆறாம் அத்தியாயம் அதன் முதுகெலும்பு. மற்ற அத்தியாயங்கள் வழக்கத்தை விவரிக்கின்றன. இதுதான் அதை நிரூபிக்கிறது. படிக்காதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் தங்களுக்குள் நியாயம் கண்டார்கள் என்பதற்கு உலகத்தின் முன் அவர் வைத்த ஆதாரம் அது.

முறைப்படி சாட்சி கேட்க வேண்டும். முனியாண்டி அண்ணன் ராசம்மா அக்காவை அழைத்தார். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்தார். உங்களுக்கும் மருதாயிக்கும் ஒரு காலத்தில் என்ன சண்டை என்று தலைவர் கேட்டார்.

ராசம்மா அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சண்டையா? யாருக்கு? நானும் அவளும் ஒரே மலைச்சரிவுல பால் வெட்டினோம். ஒரே மழைக்கு ஒரே மரத்தடியில நின்னோம். நீ அப்ப லாரியில மண்ணு ஏத்திக்கிட்டு இருந்த. ஒனக்கு என்ன தெரியும் லா?"

"இல்லக்கா, டீச்சரு புத்தகத்துல…"

"புத்தகத்துல இருந்தா புத்தகத்தக் கேளு."

அடுத்து இன்னொருவர் அழைக்கப்பட்டார். அந்தக் காலத்தில் கோயில் தலைவராக இருந்தவரின் தம்பி அவர். அப்படி ஒன்று நடந்ததாகத் தனக்கு நினைவே இல்லை என்றார். கூட்டத்தைப் பார்த்து, யாருக்காவது தெரியுமா என்றார் முனியாண்டி அண்ணன். தாலியில் முடிந்த மஞ்சளைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், கரகத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அறிந்த ஒன்றை அத்தனை பேரும் அறியாதிருந்தார்கள். ஒரு சட்டம் முழுவீச்சில் நடைமுறையில் இருப்பதை நான் என் வாழ்நாளில் அன்று ஒருமுறைதான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேராசிரியரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சி. ஓர் ஆய்வாளருக்கு வரும் சுத்தமான மகிழ்ச்சி. அது மெல்ல வடிந்து போனதையும் நான் கண்டேன். நாற்காலியின் முதுகை விட்டுவிட்டு நேராக நின்றார்.

"எனக்கும் அப்படி எதுவும் ஞாபகம் இல்ல" என்றார். "என் புத்தகத்துலயும் இனிமே இருக்காது. செம்பு குடுங்க."

மடியில் ஒரு செம்பு

ஒரு சிக்கல் இருந்தது. பாதிக்கப்பட்டவர் முதலில் குடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரோ ஈப்போவில், மகள் வீட்டில் இருந்தார். அம்மாவுக்குப் பதில் தானே குடித்துவிடட்டுமா என்று கோகிலா கேட்டதற்கு ராசம்மா அக்கா ஒப்பவில்லை. யார் தாகத்துக்கு யார் குடிப்பது என்று கேட்டார். முனியாண்டி அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கரகம் காத்திருக்கட்டும், சீக்கிரம் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரரிடம் பேசப் போனார்.

நான் காரை எடுத்தேன். பேராசிரியர் முன் இருக்கையில். அவர் மடியில் வேப்பிலை மூடிய பித்தளைச் செம்பு. பின்னால் கோகிலா. கொஞ்ச நேரத்துக்கு முன் வழக்காடிய இருவரும் ஒரே காரில், தண்ணீர் சிந்தாமல் இருக்க வேண்டுமே என்ற ஒரே கவலையில் இருந்தார்கள். மெதுவா, மெதுவா என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு சாலை விளக்கிலும் செம்பு தளும்பியது. பேராசிரியரின் பட்டுச் சேலையில் ஈரம் படர்ந்தது.

"இந்த ரோட்டுல இத்தன வருசமா போறேன். இவ்வளவு பள்ளம் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார்.

"அடுத்த புத்தகத்துல அத எழுதுங்க டீச்சர்" என்றார் கோகிலா. சொன்ன பிறகு தானே சிரித்துவிட்டார்.

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. அத்தியாயத்தை எடுத்தால் என்னாகும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பால்வெட்டிப் பெண்களின் நீதியைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன ஒரே பதிவு போய்விடும். பெயரை இன்னும் மாற்றலாம், வாத்துகளைக் கோழிகளாக்கலாம், தோட்டத்தையே சிலிம் ரிவர் பக்கம் நகர்த்தலாம் என்றெல்லாம் சொன்னேன். ஒருவருடைய மனவருத்தத்துக்காக எத்தனையோ பேருக்குப் பயன்படும் ஓர் உண்மையை அழிப்பது சரியா என்றும் கேட்டேன்.

அவர் செம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். கோழியாக மாற்றினாலும் மருதாயி அக்காவுக்கு அது வாத்து என்று தெரியும் என்றார். பிறகு சொன்னார்:

"அந்த ஆதாரம் இல்லாம என் வாதம் நிக்குதான்னு பாப்போம். நிக்கலன்னா விழட்டும், மா. நான்தான் கட்டினேன்."

எனக்கு அப்போது முழு உடன்பாடு இல்லை. இப்போதும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இழந்தது இழந்ததுதான். ஆனால் அந்த இழப்பை யார் ஏற்க வேண்டும் என்பதில் அன்று அவருக்குக் குழப்பமே இல்லை.

அடுக்குமாடியில் மின்தூக்கி பழுது. கோகிலாவின் வீடு நான்காம் மாடியில். செம்பை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கோகிலாவும் கை நீட்டினார். தவறு செய்தவர்தான் சுமக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்க நின்று நின்று ஏறினார். ஒரு சீன மூதாட்டி கதவிடுக்கில் பார்த்துவிட்டு, சாமித் தண்ணீர் என்று நினைத்துக் கும்பிட்டார்.

நான்காம் மாடி

மருதாயி அக்கா இரும்புக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். சிறிய உருவம். கையில் உரித்துக்கொண்டிருந்த வெங்காயம். செம்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பேராசிரியரின் நனைந்த சேலையைப் பார்த்தார். அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்தார்.

"பசியாறிட்டீங்களா டீச்சர்?"

"அப்புறம் பசியாறலாம்கா."

தவறு செய்தவர் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். பேராசிரியர் எப்படிச் சொல்லப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல வேண்டும். அவர் சொன்னார்:

"முடிஞ்சு போன ஒரு பேச்ச நான் எடுத்துட்டேன். முடிஞ்சுதுன்னு தெரிஞ்சும் எடுத்தேன். அது என் தப்பு."

மருதாயி அக்கா உடனே செம்பை வாங்கவில்லை. வெங்காயத்தை ஒரு தட்டில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார்.

"ஒன்னு சொல்லிடறேன் டீச்சர். அப்ப, நடந்தப்ப, தோட்டமே என்னையப் பாத்துச்சு. நான் தல குனியல. தண்ணி குடுத்தேன், அடுத்த நாள் பெரட்டுக்குப் போனேன். ராசம்மா எனக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தா. இந்தப் பேத்தி கேட்டாளே அன்னைக்குத்தான், எனக்கு எங்க பாக்குறதுன்னு தெரியல. அவளும் அத மறக்க, அவளுக்கு யாரு தண்ணி குடுக்குறது?"

தெருவில் ஒரு பழைய சாமான் லாரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனது.

அது கடந்து போனதும் கோகிலா தன் கைத்தொலைபேசியை எடுத்து மகளை அழைத்தார். திருவிழாவுக்கு வரமுடியாமல் விடுதியில் இருந்த அந்தப் பெண்ணின் முகம் திரையில் தெரிந்தது. என்ன நடக்கிறது என்று தாய் மூன்றே வாக்கியங்களில் சொன்னார். பாட்டி, நான் அன்று கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை என்றாள் அவள்.

மருதாயி அக்கா செம்பை வாங்கிக் குடித்தார். அண்ணாந்து, மடமடவென்று. மீதியைப் பேராசிரியரிடம் நீட்டினார். வழியில் சிந்தியது போக, அவருக்கு ஒரு வாய்தான் மிஞ்சியது. அதைக் குடித்தார்.

"தண்ணி சூடா இருக்கு" என்றார் மருதாயி அக்கா. "இருங்க, சேல மாத்திட்டு வாரேன். கரகம் வெயில்ல நிக்குமே, போலாம்."

திரும்பும் வழியில் அவர் பின் இருக்கையில் உட்கார்ந்து, யார் யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு எடை கூடிவிட்டது என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெரட்டுக்களத்தில் கோகிலா குழையை எடுத்தார். உறுமி மறுபடி முழங்கியது. ராசம்மா அக்கா, ஏன் இவ்வளவு தாமதம், இன்னும் தலை வாரத் தெரியவில்லையா என்று மருதாயி அக்காவைத் திட்டியபடி, மடித்து வைத்திருந்த வெற்றிலையை நீட்டினார்.

இதை எழுதும் உரிமை

அப்படியானால் நான் மட்டும் இதை எழுதலாமா? இந்தக் கட்டுரையைத் தொடங்குவதற்கு முன் பல வாரங்கள் இதையே யோசித்தேன். பேராசிரியரிடம் கேட்டேன். தவறு செய்தவர் தன் தவறைப் பேசலாம் என்பதே முறை, இது என் தவறு, என் சார்பில் நீ பேசு என்றார். கோகிலா அக்காவிடம் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வேப்பங்குழையைப் பற்றி எழுது, அம்மா என்ன செய்தார் என்பதை எழுதாதே என்றார். எழுதவில்லை. மற்றபடி இங்கே உள்ள அடையாளங்கள் பலவற்றை மாற்றியிருக்கிறேன். இம்முறை வாத்தும் அதில் அடக்கம்.

புதிய பதிப்பு சற்றுத் தாமதமாக வெளிவந்தது. அதில் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு ஏழாம் அத்தியாயம் வருகிறது. எண்களைச் சரிசெய்து தருவதாகப் பதிப்பகத்தார் சொன்னதற்குப் பேராசிரியர் இசையவில்லை. நூலின் வாதம் பலவீனமாகிவிட்டது என்று ஒரு மதிப்புரை எழுதியது. அது நியாயமான மதிப்புரை என்றார் அவர்.

எங்கள் மையத்தில், முடிந்துபோன தகராறுகளைப் பயிற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதை நிறுத்திவிட்டோம். மருதாயி அக்கா ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு வருகிறார்.